நஞ்சப்பன் களத்தில் பஸ் திரும்பவில்லை

நஞ்சப்பன் என் சித்தப்பா மகன். எனக்கு நாலு வயது இளையவன், அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். எங்கள் பாட்டனுக்கு மூன்று மகன்கள். மூத்தவர் என் அப்பா. நடுவுள்ளவர் கல்யாணமாகாமலே போய்ச் சேர்ந்தார். கடைசியவருக்கு ஒரே மகன் இவன். பாட்டன் பேரையே வைத்தார்கள். பாட்டனுக்கு இருந்த பிடிவாதமும் பேரோடு சேர்ந்து வந்துவிட்டது என்று என் அம்மா சொல்வாள்.

ஊர் புளியங்கரடு. இண்டூர் ரோட்டில் கைகாட்டி என்று ஒரு இடம். அங்கே இறங்கி உள்ளே மூன்று கிலோமீட்டர் வரவேண்டும். ஏரிக்கரை மேல் ஒரு கிலோமீட்டர், அப்புறம் இரண்டு பக்கமும் கரும்பும் மஞ்சளும். ஊருக்குள் தார் ரோடு போட்டு முப்பது வருடம் ஆகிறது. பஸ் மட்டும் வரவில்லை. வராததற்கு நஞ்சப்பன் ஒரு காரணம். ஒரே காரணம் என்று சொல்லமுடியாது, பெரிய காரணம்.

அவன் வார்டு மெம்பராக இரண்டு தடவை இருந்தவன். ஐந்து ஏக்கர் தோட்டம், கிணறு, களம். எட்டாவது வரைக்கும் படித்தான். பேப்பர் தினமும் படிப்பான். எந்தக் கட்சி மேடையிலும் அவன் ஏறினதில்லை. ஆனாலும் அரசியலில் அவனுக்கென்று ஒரு கொள்கை இருந்தது. சொந்த நிலம், சொந்த வீடு, சொந்த வண்டி இருக்கிறவன்தான் குடியானவன். சர்க்கார் கொடுக்கிறதை வாங்கிப் பழகினவன் சர்க்கார் சொல்கிற இடத்தில்தான் நிற்பான். டவுனில் குடியிருக்கிறவர்கள் பாவப்பட்டவர்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. இதுதான் கொள்கை. யாரிடமும் சண்டை போட்டுச் சொல்லமாட்டான். பல் குச்சி ஒடிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வான்.

பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன வருடம் அவனுக்குப் பெரிய வருத்தம். அவன் சம்சாரம் சின்னம்மாள் இண்டூர் சந்தைக்குப் போனவள், கண்டக்டர் கொடுத்த இலவச டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்தாள். அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"காசு குடுத்தா வாங்க மாட்டேன்னானா?"

"மிஷின்ல பொம்பளைங்களுக்கு அப்படித்தான் வருதாம். ஏன், நீங்க போயி சண்ட போடறீங்களா?"

"சண்ட எதுக்கு. நாளைக்கு என்னோட வண்டியிலயே வா. சும்மா ஏத்திக்கிட்டுப் போறவன் எங்க எறக்கி வுடுவான்னு தெரியாது."

"சந்தையிலதான் எறக்கி வுட்டான்" என்றாள் சின்னம்மாள். அவள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பெண். வார்த்தைக்கு வார்த்தை பதில் வைத்திருப்பாள்.

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவனுடைய மாமியார் ஊர்ப் பக்கம் சாத்தன்குட்டை என்று ஒரு கிராமம். அங்கே பஸ் வந்தது. பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வந்தது. டீக்கடைக்கு எதிரில் சாராயக் கடை வந்தது. ஊருக்கு பஸ் வசதி உண்டு என்று நோட்டீஸ் அடித்து, தோட்டங்களை வாங்கிக் கல் நட்டு, மஞ்சள் சிவப்புக் கொடி கட்டி மனை போட்டார்கள். சின்னம்மாளின் அண்ணன் மூன்று ஏக்கரை விற்றான். விற்ற பணம் இரண்டு கல்யாணத்தில் போனது. இப்போது அதே மனைக்கு வாசலில் வாட்ச்மேனாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். தன் தோட்டத்துக்குத் தானே காவல். நஞ்சப்பன் இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்வான்.

டவுன் வாழ்க்கையையும் அவன் பார்க்காமல் பேசவில்லை. மூத்த மகள் அமுதவல்லியை பெங்களூருக்குக் கொடுத்திருக்கிறது. நாலாவது மாடியில் வீடு. போய் இரண்டு நாள் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வந்துவிட்டான். என்னிடம் சொன்னான்: "கீழ இருக்கறவன் தலமேல நாம நடக்கறோம். நம்ம தலமேல மேல இருக்கறவன் நடக்கறான். மாப்ள ரயில்ல போறாரு, நிக்கறதுக்கு எடமில்லாம எவனோ அக்குள்ள தலைய வெச்சிக்கிட்டு. சம்பளம் எம்பதாயிரமாம். எனக்கு வேண்டாம்ணா."

இருபத்திரண்டாம் வருடம் மே மாதக் கிராம சபையில் பஸ் கேட்டுத் தீர்மானம் வந்தது. இவன் எழுந்து சாத்தன்குட்டையைச் சொன்னான். பாதிப்பேர் தலையாட்டினார்கள், ஆனாலும் தீர்மானம் போட்டுவிட்டார்கள். பத்தாவது நாள், பஸ் உள்ளே வந்து போக முடியுமா என்று பார்க்க ஆட்கள் வருவதாகச் சேதி வந்தது.

எங்கள் ஊரில் பஸ் வரலாம், திரும்பத்தான் முடியாது. தெரு அவ்வளவு ஒடுக்கம். தார் ரோடு முடிகிற இடத்தில் நஞ்சப்பன் களம் இருக்கிறது. அங்கே மட்டும்தான் பெரிய வண்டி வளைத்துத் திருப்பலாம். களம் அவனுக்குச் சொந்தம், தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஊர் முழுக்க எதிரியாகிவிடும். அவன் வேறு ஒன்று செய்தான்.

ஒரு விடியற்காலை ஏரியிலிருந்து மூன்று கல் எடுத்துவந்து களத்தின் நடுவில் நட்டான். சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தான். கேட்டவர்களுக்கு, "எங்க பாட்டன் காலத்துல இங்க முனியப்பன் இருந்துச்சு. ஏர் ஓட்டறப்போ பொதைஞ்சு போச்சு. கனவுல வந்து கேக்குது" என்றான்.

பாட்டன் எனக்கும் பாட்டன். அவர் கும்பிட்டது பச்சியம்மனை. அவருடைய அப்பன் கும்பிட்டதும் பச்சியம்மனைத்தான். களத்தில் முனியப்பன் இருந்ததாக எங்கள் வகையறாவில் ஒருத்தரும் சொன்னதில்லை. நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அப்போது பஸ் வேண்டியிருக்கவில்லை.

பஸ் வந்தது. ஓட்டிவந்தவர் அப்துல் சுபான், தருமபுரிக்காரர், முப்பது வருட சர்வீஸ். கூட ஒரு அதிகாரியும் வந்தார். சுபான் இறங்கிக் களத்தைக் காலால் அளந்தார். கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சாமி எப்போ வந்ததுங்க?"

"அது எப்பவும் இருக்கறதுதான்" என்றான் நஞ்சப்பன்.

சுபான் ஈரச் சுண்ணாம்பைப் பார்த்தார், இவன் முகத்தைப் பார்த்தார். அதிகாரியிடம் போய், "சார், சாமியைச் சுத்தி நான் டயரை வளைக்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணுன்னா பாய் இடிச்சுட்டான்னு பேச்சு வரும். நீங்களே சொல்லுங்க" என்றார். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். ஏரிக்கரை வரைக்கும் பஸ்ஸை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனார் சுபான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஒரு இடத்திலும் உரசாமல் போனதைப் பிள்ளைகள் கூடவே ஓடிப் பார்த்தார்கள்.

அதோடு முடிந்தது என்று நஞ்சப்பன் நினைத்தான். கல்லின் கதை முடியவில்லை.

களத்துக்கு அடுத்த வீடு ராமக்காளுடையது. அவளுடைய கறவை மாடு மடி வீங்கித் தீனி எடுக்காமல் கிடந்தது. போகிற வருகிற வழியில் கல்லைப் பார்த்து ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். மாடு எழுந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டதும் அதே வாரம்தான், ஆனாலும் ராமக்காள் முனியப்பனைத்தான் சொன்னாள். அப்புறம் ஒருத்தி மகள் பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டாள். ஒருத்தன் வெளிநாட்டு விசாவுக்கு வேண்டிக்கொண்டான். ஆடியில் பொங்கல் வைத்தார்கள். மறுவருட ஆடிக்குத் தகரக் கூரை போட்டு வேல் நட்டார்கள். ராமக்காள் புருஷன் பூசாரி ஆனான். கூரைத் தூணில் பெயின்டில் எழுதினார்கள்: இடம் உபயம் நஞ்சப்பன். முதல் மரியாதையும் அவனுக்கே. தலையில் துண்டு கட்டிவிட்டு மாலை போட்டார்கள். அவன் வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வான்.

அந்த வருடம் பிப்ரவரியில்தான் மருமகளுக்கு வேலை கிடைத்திருந்தது. மகன் ராஜாவுக்குப் பெண் எடுத்தது பென்னாகரம் பக்கம். பேர் சுசித்ரா. மூன்றாவது தடவை பரீட்சை எழுதி குரூப் நாலில் பாஸ் பண்ணினாள். தருமபுரியில் ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நஞ்சப்பனுக்குப் பெருமை. பெண் வேலைக்குப் போகக்கூடாது என்கிற ஆள் இல்லை அவன். ஊருக்கே லட்டு கொடுத்தான். எப்படிப் போய் வருவது என்ற கேள்வி வந்ததும் அவன் கொள்கைப்படியே செய்தான். மறு வாரம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.

"யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. உன் நேரத்துக்குப் போ, உன் நேரத்துக்கு வா" என்றான்.

எட்டு மாதம் அப்படியே போனது. காலையில் எட்டே முக்காலுக்குக் கிளம்புவாள். அவள் மகள் கனிமொழிக்கு அப்போது மூன்று வயது. நஞ்சப்பன்தான் தூக்கி வைத்திருப்பான். அந்தக் குழந்தை அவன் தோளைவிட்டு இறங்காது. தோட்டத்துக்குப் போனாலும் தோளில், டீக்கடைக்குப் போனாலும் தோளில். அவளுக்கு வாய் வந்ததே இவனிடம் பேசித்தான்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் ஏரிக்கரை மேல் ஸ்கூட்டர் சறுக்கியது. சுசித்ரா சரிவில் உருண்டு முள்ளில் போய் நின்றாள். மணிக்கட்டு எலும்பு விட்டுவிட்டது. ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பால் வண்டிக்காரன் பார்த்துத் தூக்கிவந்தான். நாற்பது நாள் கட்டு. கட்டுப் பிரித்த அன்று அவள் மாமனாரிடம் நேராகவே பேசினாள்.

"மாமா, என்னால வேலைய வுட முடியாது. இந்தக் கரை மேல இனிமே வண்டியும் ஓட்ட முடியாது, கையில பழைய பிடி இல்ல."

"ராஜா கொண்டுபோயி வுடட்டும்."

"ராஜா காலைல ஒம்போது மணி வரைக்கும் பால் ஊத்தற எடத்துல நிக்கறான்" என்றாள் சின்னம்மாள். "அவனை ரெண்டா அறுத்தா வேணா ஆவும்."

ராஜா தலையைக் குனிந்தபடி சொன்னான். "அப்பா, தருமபுரியில வூடு பாத்திருக்கோம். ரெண்டு ரூமு. பாப்பாவையும் அங்கயே ஸ்கூல்ல போட்டுரலாம். நான் காலைல வந்து தோட்டத்தப் பாத்துட்டு சாயங்காலம் போறேன்."

"யாரு தலமேல இருக்கற வூடு?" என்றான் நஞ்சப்பன்.

"மொத மாடி."

சுசித்ரா சொன்னாள்: "மாமா, எனக்கு ஒண்ணும் டவுன் ஆசை இல்லீங்க. எங்கூட வேலை செய்யற நிர்மலா பத்து மைல் தள்ளி இருந்து தினமும் வருது. அவங்க ஊருக்கு பஸ் இருக்குது. நமக்கும் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு இருந்தா நான் எதுக்கு வூட்ட மாத்தறேன்."

நஞ்சப்பன் எழுந்தான். கனிமொழியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். ஊர் டவுனுக்குப் போய்விடக் கூடாது என்றுதான் அவன் பஸ்ஸை நிறுத்தினான். பஸ் இல்லாததாலேயே அவன் வீடு டவுனுக்குப் போகிறது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவன்தான், அவனே போட்டுக்கொண்டிருப்பான்.

நாலு நாள் கழித்து பென்னாகரம் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி சுபானைப் பிடித்தான். களத்தைக் காலி செய்து கொடுத்தால் பஸ் வருமா என்று கேட்டான். அந்தப் பழைய தீர்மானம் இன்னும் ஃபைலில் இருக்கிறது, இடம் காட்டினால் வரும் என்றார் சுபான். "சாமி என்னாச்சுங்க?" என்றும் கேட்டார். "தள்ளி வெச்சுக்கலாம்" என்றான் இவன்.

கல்லைப் பத்தடி தள்ளி ஓரமாக வைத்துவிடலாம் என்று ஊரில் பேச்செடுத்தான். பூசாரி ஒப்பவில்லை. சாமியை நகர்த்த மனுஷன் முடிவு செய்யக்கூடாது, சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். ஆடு நிறுத்திக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கினால் சாமி சம்மதம். குலுக்காவிட்டால் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஊர் கூடியது. நஞ்சப்பன் தன் பட்டியிலிருந்தே ஒரு கிடாவைப் பிடித்துவந்தான். தானே நட்ட கல்லுக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டி, கை கட்டி நின்றான். நான் எதிரில் நின்றேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

பூசாரி ஒரு சொம்பு ஊற்றினான். கிடா தன் கழுத்து மாலையில் ஒரு சாமந்தியைக் கடித்தது. இரண்டாவது சொம்பு. மாலை இன்னும் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது சொம்பைத் தலையோடு ஊற்றினான். கிடா கண்ணை மூடித் திறந்தது. குளிர்காலத்தில் அவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொண்டு ஒரு ரோமம் அசையாமல் நின்ற ஆட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"எருமைக்குப் பொறந்ததாட்டம் நிக்குது பாரு" என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான். சிலர் சிரித்தார்கள்.

"உத்தரவு இல்லீங்க" என்றான் பூசாரி.

நஞ்சப்பன் கையைப் பிரித்தான். "இந்தாப்பா, எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கல்ல நட்டவனே நாந்தான். பஸ் வரக்கூடாதுன்னு நட்டேன். ஏரியில பொறுக்கின கல்லு. கனவும் இல்ல ஒண்ணும் இல்ல."

 ராமக்காள்தான் முன்னால் வந்தாள்.

"நடச் சொன்னது யாருங்க மாமா?"

"யாரும் சொல்லல. நானே நட்டேன்."

"ஊர்ல இத்தன பேரு இருக்கறப்போ உங்க கையில ஏன் கல்லு வந்துச்சு? என் மாட்ட எழுப்புனது யாரு? உங்களுக்கு பஸ் வேண்டாங்கறப்போ அது சாமி, வேணுங்கறப்போ கல்லா?"

"ராமக்கா, நான் சொல்றேனில்ல, பொய்யிம்மா."

"நீங்க சொன்னது பொய்யா இருக்கலாம். எங்களுக்கு நடந்தது பொய் இல்லீங்களே" என்றாள் அவள். பெண்கள் எல்லாம் அவள் பக்கம். ஆண்களில் பஸ் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள்கூட அவள் பக்கம்தான் நின்றார்கள்.

அதற்குமேல் அவன் வாதாடவில்லை. கிடாவை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனான். கொஞ்ச தூரம் போனதும் அது நின்று உடம்பை நன்றாகக் குலுக்கியது. அதைக் கணக்கில் சேர்க்கமுடியாது என்றான் பூசாரி.

களத்துக்குப் பக்கத்தில் அவனுடைய மஞ்சள் காடு இருக்கிறது. கிணற்றுப் பாய்ச்சல் நேராக விழுகிற முக்கால் ஏக்கர். தோட்டத்திலேயே நல்ல மண். என் சித்தப்பா இண்டூர் செட்டியாரிடம் மூன்று வருடம் கெஞ்சி வாங்கியது. அதில் இருபது சென்ட் வெட்டினால் பஸ் திரும்பும். ஒரு வாரம் கழித்து அந்த இருபது சென்டையும் பஞ்சாயத்துக்கு எழுதிக்கொடுத்தான். அவன் நட்ட தென்னை மூன்றும் அதில் போயின.

"அன்னிக்கே குடுத்திருந்தா களத்தோட போயிருக்கும்" என்றாள் சின்னம்மாள். "இப்போ மஞ்சக் காடு."

"தெரியும். பேசாம இரு" என்றான்.

எழுதிக் கொடுத்தவுடன் பஸ் வந்துவிடுவதில்லை. அளக்க ஆள் வரவேண்டும், மண் கொட்டவேண்டும், மேலே எங்கேயோ கையெழுத்தாக வேண்டும். இவன் தாலுகா ஆபீசுக்கும் டெப்போவுக்குமாக நடந்தான். முன்பு பஸ் வேண்டாம் என்று பேசின அதே வாயால் அங்கே போய் பஸ் கேட்டான். அதற்குள் ஜூன் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. ராஜா பாத்திரம் பண்டத்தை ஒரு சின்ன லாரியில் ஏற்றினான். கனிமொழி லாரியில் முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் வந்ததும் வந்துருவோங்க மாமா" என்றாள் சுசித்ரா. பொய்யாகச் சொல்லவில்லை. அப்போது அவள் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

புரட்டாசியில் பஸ் வந்தது. காலையில் ஏழே முக்கால், சாயங்காலம் ஆறரை. முதல் நாள் ஓட்டிவந்ததும் சுபான்தான். மஞ்சள் காட்டில் புது மண்ணில் ஒரே வளைப்பில் திருப்பினார். ஊரே கைதட்டியது. பஞ்சாயத்துத் தலைவர் நஞ்சப்பனுக்குச் சால்வை போட்டார். போன வருடம் கல் நட்டதற்கு மாலை, இந்த வருடம் பஸ் விட்டதற்குச் சால்வை என்று நான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

ராஜா வீடு திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வருடக் கட்டணம் கட்டியாகிவிட்டது, பாப்பாவுக்கு அங்கே பழகிவிட்டது, இந்த வருடம் போகட்டும் என்றார்கள். அடுத்த வருடமும் அப்படித்தான் ஆனது. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று சுசித்ரா போனில் சொன்னாள். சின்னம்மாள் மறுநாளே தூக்குப்போசியில் குழம்பை ஊற்றிக்கொண்டு ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதிலிருந்து தினமும் போகிறாள். சாயங்காலம் ஆறரைக்கு வந்து இறங்குகிறாள். டிக்கெட் இல்லை. ஜன்னலோர சீட் அவளுக்கென்று ஆகிவிட்டது. கண்டக்டருக்குக்கூட இவள் வீட்டுக் கதையெல்லாம் தெரியும்.

நஞ்சப்பன் மத்தியானம் காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறான். மாடு, கிணறு, தோட்டம் எல்லாம் அவன் ஒருத்தன்தான் பார்க்கிறான். ராஜா வாரத்துக்கு மூன்று நாள் வருகிறான், முன்பு தினமும் வந்தான். பஸ் பற்றி யாராவது கேட்டால் இன்னமும் அவன் கொள்கையைத்தான் சொல்கிறான். "பஸ் வந்தா ஊரு போயிரும்னு சொன்னேனில்ல. என் வூடே போயிருச்சு பாரு" என்பான். வீடு போன பிறகுதான் பஸ் வந்தது என்று யாரும் திருத்துவதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் நானும் அவனும் பஸ் திரும்புகிற இடத்தில் நின்றிருந்தோம். பஸ் வந்து திரும்பியது. சின்னம்மாள் இறங்கினாள்.

"பாப்பா கேக்குது" என்றாள். "தாத்தாவுக்கு பஸ்ல ஏறத் தெரியாதான்னு கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

அவன் போசியை வாங்கிக்கொண்டான். மூடியைத் திறந்து பார்த்தான், காலி. பஸ் கிளம்புவதற்குச் சுபான் ஹாரன் அடித்தார். "வர்றீங்களா மாமா, ரோடு வரைக்கும்?" என்று ஜன்னலிலிருந்து விளையாட்டாகக் கேட்டார்.

"மாடு கட்டணும்" என்றான் நஞ்சப்பன். பஸ் ஏரிக்கரை ஏறுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சம்சாரத்திடம், "ஞாயித்துக்கெழம இந்த பஸ் உண்டா?" என்று கேட்டான்.

"உண்டு" என்றாள் அவள். "டிக்கெட் உங்களுக்கு மட்டும் காசு."